பிளெயின்ஸா, அமெரிக்கஸா?

அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்தில், கடலைக் காடுகளுக்கு நடுவே சுமார் 16 கிலோமீட்டர் இடைவெளியில் இரண்டு ஊர்கள். குடியேற எது நல்லது? முன்னாள் அமெரிக்க ஜனாதிபதி ஜிம்மி கார்ட்டரின் சொந்த ஊரான பிளெயின்ஸில் 2020 கணக்கெடுப்பின்படி 573 பேர். அமெரிக்கஸில் 16,000 பேருக்கு மேல் (பெயரைப் பார்த்து மாநகரம் என்று நினைத்துவிட வேண்டாம்).

பிளெயின்ஸின் கடைத்தெரு ஒரே வரிசைதான். கடலை ஐஸ்கிரீம் வாங்க நின்றால்தான் ஐந்து நிமிடமாவது ஆகும். சாலையோரத்தில் 13 அடி உயரக் கடலைச் சிலை ஒன்று பல்லெல்லாம் தெரியச் சிரித்துக்கொண்டு நிற்கிறது. ஞாயிறானால் மரநாதா பாப்டிஸ்ட் தேவாலயம். ஜனாதிபதி பதவி முடிந்து ஊர் திரும்பிய கார்ட்டர் அங்கே பல ஆண்டுகள் ஞாயிறு வகுப்பு எடுத்தார். அப்படிப்பட்டவர் பக்கத்து வீட்டுக்காரர்போல வாழ்ந்த ஊர் எங்கே கிடைக்கும்?

ஆனால் நெஞ்சுவலி வந்தால் அமெரிக்கஸுக்குத்தான் ஓட வேண்டும். மருத்துவமனை, பல்கலைக்கழகம், 1921இல் திறந்த ரைலண்டர் தியேட்டர் எல்லாம் அங்கேதான். 2007 மார்ச்சில் சுழற்காற்று அந்த மருத்துவமனையையே சிதைத்தது. புதுக் கட்டடம் வர 2011 ஆகிவிட்டது. ஏழைகளுக்கு வீடு கட்டித்தரும் ஹேபிடட் ஃபார் ஹியூமானிட்டி 1976இல் பிறந்ததும் இங்கேதான்.

காரும் திடமான உடம்பும் இருந்தால் என் ஓட்டு பிளெயின்ஸுக்கு. வயதான அப்பா அம்மா கூட இருக்கிறார்களா? சரி, அமெரிக்கஸிலேயே வீடு பாருங்கள்.