மதுரையில "ஜப்பான் செல்ஃப் டிரைவ்"னு விக்கிறாங்க, பணம் கட்டிடாதீங்க

நேத்து சாயங்காலம் அந்த ஏஜென்சி ஆபீஸ்ல இருந்து என்னை வெளியே அனுப்பிட்டாங்க. "இனி எதுவா இருந்தாலும் எங்க வக்கீல்கிட்ட பேசிக்குங்க" அப்படின்னு. போனது 1,86,000 ரூபாய். வெளிநாட்டுல நாமளே கார் ஓட்டிச் சுத்திப் பார்க்கணும்னு மதுரைப் பக்கம் யார் யோசிச்சுக்கிட்டு இருந்தாலும் இதை முழுசா படிங்க. என்னென்ன பார்த்துப் பணம் கட்டணும்னு கடைசியில எழுதுறேன்.

புகார் கொடுத்திருக்கேன், அதனால பேர் போடல. பைபாஸ் ரோட்டுப் பக்கம் வெளிநாட்டு டூர் ஏற்பாடு பண்ற ஆபீஸ்னு மட்டும் வச்சுக்குங்க.

நாங்க போக நினைச்சது ஜப்பானோட வடக்குத் தீவு ஹொக்கைடோ. ஏறக்குறைய மூணு வாரம், அப்பா அம்மாவோட. ஷின்-சிட்டோசே ஏர்போர்ட்ல வண்டி எடுத்து, ஜூலையில லாவெண்டர் பூக்கிற ஃபுரானோ, அப்புறம் அபாஷிரி, ஷிரெடோகோ, குஷிரோ, ஒபிஹிரோனு ஒரு சுத்து. ஜப்பான்லயும் நம்மளை மாதிரி இடது பக்கம்தான் ஓட்டணும். கிழக்குப் பக்கம் ரயிலும் பஸ்ஸும் ரொம்பக் குறைவு, வண்டி இருந்தாத்தான் வயசானவங்களைக் கூட்டிப் போக முடியும்.

அந்த ஏஜென்சி ஆள் முதல் நாளே மேப்பை டேபிள்ல விரிச்சுப் பேனாவால ரூட்டு போட்டுக் காட்டினாரு. கூட வந்திருந்த அப்பா சேர்ல இருந்து எந்திரிக்கச் சிரமப்பட்டதைப் பார்த்துட்டு, "அய்யாவுக்கு முழங்கால் வலியா? அப்ப சின்ன கார் வேணாம்ணே. சைடுல கதவு நகர்ற வண்டி போடுறேன், படியும் தாழ்வா இருக்கும்"னு அவரே சொன்னாரு. நாங்க கேட்கவே இல்ல. வெளியே வந்ததும் "நல்ல பையன்டா"ன்னாரு அப்பா. அன்னைக்கு ராத்திரியே பணம் போட்டோம். வண்டி, முழு இன்சூரன்ஸ், டோலுக்கு ஈடிசி கார்டு, இன்டர்நேஷனல் லைசென்ஸ் எல்லாம் சேர்த்து 1,86,000.

லைசென்ஸுக்கு ஆர்.டி.ஓ. ஆபீஸ் போகட்டுமான்னு கேட்டேன். "எதுக்குண்ணே அலையணும்? அங்க கொடுத்தா ஒரு வருஷம்தான், நாங்க எடுத்துத் தர்றது மூணு வருஷம்." பளபளன்னு ஒரு பிளாஸ்டிக் கார்டு, கூட ஒரு கலர் புக்லெட் வந்துச்சு.

ஜப்பான் போய் இறங்கி வண்டி எடுக்கிற கவுண்டர்ல அதைக் கொடுத்தா, அங்க இருந்த பொண்ணு புரட்டிப் பார்த்துட்டு, செல்லுற பெர்மிட் எப்படி இருக்கும்னு ஒரு படத்தை எடுத்துப் பக்கத்துல வச்சுக் காட்டுச்சு. சாலைப் போக்குவரத்துக்கான 1949 ஜெனீவா ஒப்பந்தப்படி நம்ம அரசாங்கம் கொடுக்கிற இன்டர்நேஷனல் டிரைவிங் பெர்மிட் மட்டும்தான் அங்க செல்லும். என் கையில இருந்தது எந்த அரசாங்கமும் கொடுத்தது இல்ல. அது இல்லாம ஓட்டினா லைசென்ஸே இல்லாம ஓட்டின குற்றம்தான். இடி அதோட நிக்கல. புக்கிங்ல "பணம் கவுண்டர்ல கட்டணும்"னு இருந்துச்சு. அதாவது எங்க 1,86,000 ரூபாயில ஒரு பைசாகூட அந்த வண்டிக் கம்பெனிக்குப் போகல. வெறும் முன்பதிவை பிரிண்ட் எடுத்து வவுச்சர்னு கொடுத்திருக்கான்.

அப்பாவை ரயில் ரயிலா ஏத்தி இறக்கி ஃபுரானோ வரைக்கும் போனோம். ஷிரெடோகோ, உலக பாரம்பரிய இடம், அது போச்சு. கிழக்குப் பக்க ஹோட்டல் காசும் போச்சு. அது தனிக் கணக்கு.

அங்க இருந்து போன் பண்ணினா "சார் மீட்டிங்ல இருக்காரு". ஊருக்கு வந்து நேர்ல போனா "ஜப்பான்ல திடீர்னு ரூல் மாத்திட்டாங்கண்ணே". பச்சைப் பொய், 1949ல போட்ட ஒப்பந்தம் அது! அடுத்த தடவை, கணக்கு பார்க்கிறவர் ஆடிக்குக் கிடா வெட்ட ஊருக்குப் போயிருக்காராம். அப்புறம் "ரீஃபண்ட் கிடையாது, வேணும்னா கொடைக்கானல் பேக்கேஜ் போட்டுத் தர்றோம்". முழங்கால் வலியோட மனுஷன் ஸ்டேஷன் படியேறினதுக்கு இதுதான் பதிலா? அப்பாவைப் பத்தி அக்கறையாப் பேசின அதே வாயி!

எழுதக் கை நடுங்குது, சுருக்கமாச் சொல்லிடுறேன். இன்டர்நேஷனல் டிரைவிங் பெர்மிட்டை நம்ம ஆர்.டி.ஓ. மூலமா மட்டும் எடுங்க, அரசாங்கத்தோட பரிவாஹன் சைட்லயே விண்ணப்பிக்கலாம், கட்டணம் 1,000 ரூபாய். ஒரு வருஷத்துக்குத்தான் தருவாங்க, மூணு வருஷம்னு எவன் சொன்னாலும் போலி. வண்டிப் பணம் போய்ச் சேர்ந்துச்சான்னு புக்கிங் நம்பரை வச்சு வண்டிக் கம்பெனிக்கே மெயில் போட்டுக் கேளுங்க. தனி ஆள் நம்பருக்கு ஜிபே பண்ணாதீங்க, ஜிஎஸ்டி பில் கேளுங்க. ஏமாந்துட்டா 1915க்கு, தேசிய நுகர்வோர் உதவி எண், போன் போடுங்க. மாவட்ட நுகர்வோர் ஆணையத்துல 5 லட்சம் வரைக்கும் வழக்குக் கட்டணம் கிடையாது. நான் அங்கதான் போறேன், 1,86,000 ரூபாயை விடப் போறதில்ல.

தீபாவளி லீவுக்கு இதே மாதிரி ஆபீஸ்ல யாராவது ஏற்கெனவே கட்டியிருந்தீங்கன்னா, இன்னைக்கே அந்த புக்லெட்டை எடுத்து யார் கொடுத்ததுன்னு பாருங்க.