கேளம்பாக்கம் போக ஓ.எம்.ஆரா, ஈ.சி.ஆரா?

சென்னை திருவான்மியூரில் வீடு, தெற்கே கேளம்பாக்கத்தில் வேலை. போக இரண்டு மாநில நெடுஞ்சாலைகள் இருக்கின்றன: 49ஏ, அதாவது ஓ.எம்.ஆர். என்கிற பழைய மகாபலிபுரம் சாலை; 49, அதாவது ஈ.சி.ஆர். என்கிற கிழக்குக் கடற்கரைச் சாலை. காரில் இரண்டிலும் மாறி மாறிப் போய்ப் பார்த்துவிட்டு, ஈ.சி.ஆரில் கோவளம் வரை போய் வலப்பக்கம் திரும்புகிற வழியையே வைத்துக்கொண்டேன்.

தூரம் பார்த்தால் ஓ.எம்.ஆர்.தான் குறைவு. காசு பார்த்தாலும் அதுதான். 2021 ஆகஸ்டில் நான்கு சுங்கச்சாவடிகளை எடுத்தார்கள், 2023 அக்டோபரில் நாவலூரிலும் வசூல் நின்றது. ஈ.சி.ஆரில் உத்தண்டியில் இன்னும் கட்ட வேண்டும். அப்புறம், பஸ்ஸில் போகிறவர்களுக்கு யோசனையே வேண்டாம். 102, 570 எல்லாம் ஓ.எம்.ஆரில்தான்.

ஆனாலும் ஈ.சி.ஆரைப் பிடித்துக்கொண்டதற்குக் காரணம், பக்கவாட்டில் வந்து சேரும் வண்டிகள். ஓ.எம்.ஆருக்கு மேற்கே ஊர் முழுக்கத் திறந்து கிடக்கிறது. துரைப்பாக்கத்தில் பல்லாவரம் ரேடியல் ரோடு கொண்டுவந்து கொட்டுகிறது, சோழிங்கநல்லூரில் மேடவாக்கம் ரோடு. காலை ஒன்பது மணிக்குச் சோழிங்கநல்லூர் சிக்னலில் நின்று பாருங்கள். மேடவாக்கத்திலிருந்து வலப்பக்கம் திரும்புகிற வண்டிகள் முடியாமலே நீளும். சிக்னலைத் தாண்டியதும் ஷேர் ஆட்டோக்கள் ஆள் ஏற்ற ஓரத்தை அடைத்துக்கொள்ளும், நடுவில் மெட்ரோ வேலைக்கான தடுப்பு. கம்பெனி பஸ் ஒன்று திணறி நின்றால் பின்னால் வரும் மொத்தப் பேரும் நிற்க வேண்டியதுதான். சாலை அகலமாக இருந்தும் பலன் கிடைப்பதில்லை.

ஈ.சி.ஆர். அப்படியில்லை. கிழக்கே கடல், மேற்கே பக்கிங்காம் கால்வாய். கால்வாயைத் தாண்டி வர வழிகள் கொஞ்சம்தான். அக்கரையில் சோழிங்கநல்லூர் இணைப்புச் சாலை வந்து சேர்ந்த பிறகு, கோவளம் வரை பெரிதாக எதுவும் வந்து கலப்பதில்லை. பனையூர், உத்தண்டி, கானத்தூர், முட்டுக்காடு என்று ஒரே வேகத்தில் போகலாம். நாலைந்து கிலோமீட்டர் கூடினாலும், எத்தனை மணிக்குப் போய்ச் சேருவேன் என்று கிளம்பும்போதே சொல்ல முடிகிறது. எனக்கு அது பெரிய விஷயம்.

அக்கரைக்கு முன்னால் கதை வேறு. கொட்டிவாக்கம், பாலவாக்கம், நீலாங்கரைப் பகுதியில் ஆறுவழிப் பணி வருடக்கணக்கில் இழுக்கிறது. யூ டர்ன் எடுக்கிற கார் பாதி உடம்பை வேகப் பாதையில் நீட்டிக்கொண்டு நிற்கும். எட்டு மணிக்குள் அந்தப் பகுதியைத் தாண்டிவிட வேண்டும். சனி, ஞாயிறு மாலைகளில் மகாபலிபுரம் போனவர்கள் எல்லோரும் ஒரே நேரத்தில் திரும்புவார்கள். அன்றைக்கு நானே ஓ.எம்.ஆரில்தான் வருவேன்.

பெருமழையில் இந்த வழியை நான் அதிகம் ஓட்டியதில்லை. ஓ.எம்.ஆரில் செம்மஞ்சேரிப் பக்கம் தண்ணீர் தேங்குவது எல்லோருக்கும் தெரியும். கோவளம்–கேளம்பாக்கம் சாலையும் உப்பளமும் கழிமுகமும் உள்ள தாழ்வான இடத்தில்தான் போகிறது, அதனால் அந்த நாட்களுக்கு என் பேச்சை நம்பிக் கிளம்பாதீர்கள். சிறுசேரி வரை மெட்ரோ ஓட ஆரம்பித்து, நடுவில் இருக்கிற தடுப்புகளை எடுத்துவிட்டால் ஓ.எம்.ஆரை இன்னொரு முறை ஓட்டிப் பார்ப்பேன்.