ஏழுகல் தோடு வாங்க மூன்று வாசல்

ராயபுரத்தில் இருந்துகொண்டு பழைய வைரத் தோடு தேடுகிறவர்களுக்கு மூன்று வாசல் இருக்கிறது: பாட்டி காலத்திலிருந்து நம் வீட்டுக்குச் செய்துதரும் என்.எஸ்.சி. போஸ் சாலைக் குடும்பக் கடை, பெரிய ஷோரூம், சவுகார்பேட்டை அடகுக் கடை.

ஷோரூமை முதலில் முடித்துவிடலாம். அங்கே 'ஆன்டிக்' என்பது புதுத் தங்கத்துக்குப் போட்ட மங்கல் பாலிஷ். 22 காரட் தங்கத்துக்கான 916 முத்திரை, ஒவ்வொரு நகைக்கும் தனியாகப் போடும் ஆறு எழுத்து-எண் அடையாளக் குறியீடான எச்.யு.ஐ.டி., பில்லில் தங்கம் தனி, கல் தனி என்று எல்லாம் சுத்தம். பெண்ணுக்குச் சீர் செய்ய நல்லது, சேர்த்து வைக்க ஒன்றுமில்லை.

அடகுக் கடையில் மீட்காத நகை மலிவாகக் கிடைக்கும். அப்படி ஒரு ஜோடி ஜிமிக்கி வாங்கினேன். தராசில் கனம், கையிலும் கனம். பிரித்தால் உள்ளே அரக்கு! தங்க விலை கொடுத்து அரக்கு வாங்கியவள் நான். யாருடைய நகை, கல் எப்போது மாறியது என்று கேட்டால் பதில் சொல்ல ஆள் கிடையாது. ரசீது இல்லாமல் வாங்கினால் திருட்டு நகை வம்பு வேறு.

குடும்பக் கடையிலும் ஆபத்து உண்டு. பழைய தோட்டில் நடுவில் ஒன்று, சுற்றி ஆறு கல். கல்லைப் பதிக்கும் கட்டு பெரும்பாலும் மூடியது. பின்பக்கம் தங்கம் மறைத்திருப்பதால் கல்லின் அடியும் தெரியாது, கழற்றாமல் எடையும் போட முடியாது. ஒரு கல் பத்து சென்ட் (நூறு சென்ட் ஒரு காரட் எடை) என்றால் இரண்டு காதுக்கும் 14 கல், 1.4 காரட். கிராமில் 0.28தான், ஆனால் விலையில் நல்ல பங்கு அதில்தான் நிற்கிறது. தங்கமும் முழு 22 காரட் தரம் என்று நம்பக்கூடாது. துண்டுகளை ஒட்டப் பற்றவைத்த பொடி, தங்கத்தின் மாற்றை, அதாவது சுத்தத்தை, குறைத்திருக்கும். டச், அதாவது அந்தச் சுத்தம், பார்க்கும் மெஷின் மேல்பரப்பை மட்டும்தான் படிக்கும்.

ஆனாலும் நான் அங்கேதான் வாங்கினேன். "கட்டைப் பிரிச்சுக் காட்டுங்க ஐயா" என்றதும் பெரியவர் ஒரு கல்லை எடுத்து வெள்ளைத் தாளில் கவிழ்த்து வைத்தார். லேசாக மஞ்சள் அடித்தது. "இது மட்டும் அப்புறம் மாத்தினது, அம்மா. விலையில கழிச்சுக்கறேன்." பழைய நோட்டில் அந்த வருஷமும் இருந்தது. இந்தப் பதிலை ஷோரூம் பில் தராது.

வீட்டுக்கு வந்ததும் பூந்திக்கொட்டைத் தண்ணீரில் ஊறவைத்தேன். தண்ணீர் டீ நிறத்துக்கு வந்தது.