வார்னிஷா, ஆளி விதை எண்ணெயா: ஐப்பசியில் வாய் திறக்காத மடக்குக்கத்தி

"மாமா, உங்க பிரெஞ்சுக் கத்தி வாயே திறக்கமாட்டேங்குது."

ஐப்பசி அடைமழை. திருவையாறு பக்கத்து வாழைத்தோப்பில், ஒரு கையில் போனும் மறு கையில் கத்தியுமாக நின்றிருந்தான் என் மைத்துனன். அறுக்கவேண்டிய இலையோ மரத்திலேயே நனைந்துகொண்டிருந்தது. மோட்டார் கொட்டகைச் சுவரில் கத்தியின் அடிப்பக்கத்தை ஓங்கித் தட்டச் சொன்னேன். தட்டினால் அலகின் நுனி சற்று வெளியே எழும்பும், நகத்தால் பிடித்து இழுத்துவிடலாம். இந்தக் கத்தி பிறந்த பிரான்சின் சவோய் மலைப்பகுதியில் இது பழைய கைவித்தை. அவன் நாலு தட்டு தட்டிப் பார்த்துவிட்டு, "அரிவாளே தேவலாம்" என்று போனை வைத்துவிட்டான்.

அந்தக் கத்தியை வாங்கிக் கொடுத்தவன் நான். ஓப்பினெல் எட்டாம் நம்பர். ஒரே நாளில் இரண்டு வாங்கினேன், ஒன்று எனக்கு, ஒன்று அவனுக்கு. ஜோசப் ஓப்பினெல் என்பவர் 1890இல் செய்யத் தொடங்கிய வடிவம், இன்றுவரை பெரிதாக மாறவில்லை. 11 செ.மீ. நீளத்தில் பீச் (beech, ஐரோப்பியக் காட்டு மரம்) மரப் பிடி, அதில் ஒரு காடி, அதாவது நீளப் பள்ளம், காடிக்குள் மடங்கும் 8.5 செ.மீ. அலகு, குறுக்கே ஓர் ஆணி. திறந்த அலகு விரலில் மடங்காமல் இருக்க ஒரு சுழலும் வளையம். அந்த வளையம் 1955இல் வந்து சேர்ந்தது. மொத்தமே இவ்வளவுதான் என்பதால், வீட்டில் உட்கார்ந்து பிரித்து மேய்ந்து நம் இஷ்டத்துக்கு மாற்றிக்கொள்ள இதைவிடத் தோதான கத்தி கிடைக்காது. விலையும் கையைச் சுடாது. கெடுத்தாலும் மனசு ஆறிவிடும்.

எனக்குச் சும்மா இருக்கத் தெரியாது. வாங்கிய வாரமே என்னுடையதன் வார்னிஷை உப்புத்தாளால் தேய்த்தெடுத்துவிட்டு ஆளி விதை எண்ணெய் ஏற்றினேன். மைத்துனன் அவனுடையதைத் தொடவிடவில்லை. "பளபளன்னு நல்லாத்தானே மாமா இருக்கு." ஆக, ஒரே கத்தி, இரண்டு விதமான பூச்சு, இரண்டும் காவிரிக் கரையில். இந்த அலசல் அதிலிருந்து வந்ததுதான். நான் எண்ணெய்க் கட்சி என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஆனால் எந்தக் காரணத்துக்காக அந்தக் கட்சியில் சேர்ந்தேனோ, அது தப்பு என்று பிறகு தெரிந்தது.

முதலில் வார்னிஷுக்கு உரிய மரியாதை. கம்பெனி போட்டு அனுப்பும் வார்னிஷ் மெல்லியது, சீரானது. முதல் நாளிலிருந்தே வேலைக்குத் தயார். கறை படியாது. மீன் கழுவினாலும் நாற்றம் ஊறாது. காற்றின் ஈரத்தைத் தடுப்பதில் எண்ணெயைவிட வார்னிஷே மேல். இது தெரியாமல், எண்ணெய் போட்டால் மரத்துக்குள் ஈரம் புகாது என்று மைத்துனனிடம் அடித்துப் பேசிக்கொண்டிருந்தேன். ஆளி விதை எண்ணெய் தண்ணீர்த் துளியைக் கொஞ்ச நேரம் வெளியே நிறுத்தும், அவ்வளவுதான். பத்து நாள் மழையில் தொங்கும் ஈரக் காற்றுக்கு அது திறந்த கதவு.

அப்படியானால் வார்னிஷ் போட்ட கத்தி ஏன் இறுகியது, என்னுடையது ஏன் திறந்தது? முதல் வருடம், எண்ணெயின் மகிமை என்று நெஞ்சை நிமிர்த்திக்கொண்டேன். அவன் கத்தி இடுப்பு மடிப்பில், வேர்வையிலும் வாழைச் சாற்றிலும் கிடந்தது. என்னுடையது அடுக்களை ஆணியில் சொகுசாகத் தொங்கியது. அதை வைத்து எதையும் நிரூபிக்க முடியாது. அடுத்த ஐப்பசியில் இரண்டையும் அவன் மோட்டார் கொட்டகையிலேயே பக்கத்தில் பக்கத்தில் தொங்கவிட்டோம். நாலாம் நாள் அவனுடையது இறுகிப்போனது. என்னுடையதும் இறுகியது! ஆனால் கட்டைவிரல் நகத்தை அலகின் பள்ளத்தில் கொடுத்து முக்கி இழுத்தால் வந்தது.

விளக்கைப் பிடித்துக்கொண்டு இரண்டு காடிகளுக்குள்ளும் பார்த்தபோதுதான் விஷயம் புரிந்தது. அவன் கத்தியில் வார்னிஷ் வெளிப்பக்கம் மட்டும்தான். காடியின் உட்சுவர் வெறும் மரம். ஊசியால் சுரண்டினால் மாவாக வந்தது. அலகு மடங்கித் திரும்பும் ஆணிப் பக்கமும் அப்படியே. வெளியே சட்டை, உள்ளே ஒன்றுமில்லை. தண்ணீர் போவது அந்த வழியாகத்தான். நனைந்த அலகை மடக்கும் ஒவ்வொரு முறையும் காடிக்குள் நாமே நீர் வார்க்கிறோம். வெளிப்பக்கம் வார்னிஷ் இருப்பதால் உள்ளே போன ஈரம் காய்ந்து வெளியேறவும் நாளாகிறது.

பீச் மரத்தின் குணமும் சேர்ந்துகொள்கிறது. வலுவான மரம், இழை நெருக்கம், கடைசலுக்கு அருமை. ஆனால் ஈரத்துக்கு ஏற்ப உப்பிச் சுருங்குவதில் ஆட்டம் அதிகம். பச்சை மரம் முழுக்கக் காயும்போது பீச் அதன் ஆண்டு வளையத்தை ஒட்டிய திசையில் 11–12 சதவீதம் சுருங்கும். தேக்கு அதில் ஏறக்குறைய பாதிதான். கத்திப் பிடி அந்தக் கோடிக்கெல்லாம் போவதில்லை. ஆனால் சுமார் இரண்டு செ.மீ. தடிமனுள்ள பிடி ஒரே ஒரு சதவீதம் உப்பினாலும் 0.2 மி.மீ. ஆகிறது. இரண்டு ஜெராக்ஸ் தாளின் கனம். அலகுக்கும் காடிச் சுவருக்கும் நடுவே கம்பெனி விட்டிருக்கும் இடைவெளியும் மெல்லியதுதான். ஒரு மழை வாரத்தில் அது அடைந்துவிடுகிறது.

சரி, என்னுடையது எப்படித் தப்பித்தது? எண்ணெய் ஏற்றிய வாரத்தில், அவசரத்தில், அலகைக் கழற்றாமலே கத்தியைத் தலைகீழாக ஒரு பழைய ஹார்லிக்ஸ் பாட்டிலில் எண்ணெய் ஊற்றி இரவு முழுக்க நிறுத்தியிருந்தேன். எண்ணெய் காடிக்குள்ளும் ஆணி ஓட்டைக்குள்ளும் ஊறிக் காய்ந்து கெட்டிப்பட்டுவிட்டது. போதாததற்கு, ஓரத்தைச் சீராக்குகிறேன் என்று காடிக்குள்ளும் உப்புத்தாளைவிட்டு இரண்டு இழுப்பு இழுத்திருந்தேன். அந்த இரண்டு இழுப்பு போதுமானதாக இருந்திருக்கிறது. என் கெட்டிக்காரத்தனத்துக்கு அதில் பங்கில்லை.

மூன்றாவது வருடம் மைத்துனன் இறங்கிவந்தான். வெளி வார்னிஷைத் தொடக் கூடாது என்ற நிபந்தனையோடு. அலகில் கனமாக டேப் சுற்றிவிட்டு, சர்க்ளிப் பிளையரால் வளையத்தை விரித்துக் கழற்றினேன். பழைய ஏ.டி.எம். அட்டையை நீளவாக்கில் கத்தரித்து, அதன்மேல் 220ஆம் நம்பர் உப்புத்தாளை மடித்து ஒட்டிக் காடியின் இரு சுவரையும், குறிப்பாக ஆணியை ஒட்டிய முதல் இரண்டு செ.மீ.யை, தேய்த்தேன். இரண்டு பக்கமும் சமமாகத் தேய்க்கவேண்டும். ஒரு பக்கம் மட்டும் தேய்த்தால் அலகு சாய்ந்து உட்காரும். பிறகு சிறு தூரிகையால் உள்ளே எண்ணெய். அது காய்ந்ததும் தேன்மெழுகை உருக்கி ஆணிப் பக்கம் நாலு சொட்டு விட்டு, ஹேர் டிரையரில் காட்டி உறிஞ்சவைத்தேன். தேன்மெழுகுக்கு எங்கள் பக்கம் பஞ்சமில்லை. சுவாமிமலையில் ஐம்பொன் சிலை வார்ப்பவர்கள் முதல் உருவத்தைத் தேன்மெழுகும் குங்கிலியமும் கலந்துதான் பிடிக்கிறார்கள்.

அந்த ஐப்பசியில் அவன் கத்தி திறந்தது. வெளியே அதே பளபள வார்னிஷ். ஆக, மழைக்காலத்தில் கத்தியைக் காப்பாற்றியது மேற்பூச்சு அல்ல, காடிக்குள் செய்த வேலைதான். வார்னிஷை எடுக்க மனசில்லாதவர்கள் இந்த அரை மணி நேர வேலையை மட்டும் செய்தாலே போதும்.

பிறகும் ஏன் எண்ணெய்க் கட்சி? பராமரிப்பு. அதே வருடம் மாசி வாக்கில் அவன் பிடியில் உள்ளங்கை அழுந்தும் இடத்தில் வார்னிஷ் செதில் செதிலாக எழும்பியது. எழும்பிய இடத்தில் வேர்வை புகுந்து கறுத்தது. பக்கத்தில் பளபளப்பு, நடுவில் படை பிடித்த மாதிரி ஒரு திட்டு. அந்த இடத்துக்கு மட்டும் வார்னிஷ் தொட்டு வைத்தேன். விளிம்பு தெரிந்தது, மூன்றே மாதத்தில் அந்த விளிம்பிலிருந்து மறுபடி உரிந்தது. ஒழுங்காகச் செய்வதென்றால் முழுதையும் சுரண்டி முதலிலிருந்து வரவேண்டும். வருடா வருடம் யார் சுரண்டுவது? என்னுடையதிலும் அதே இடம் தேய்ந்து வெளுத்துத்தான் போயிருந்தது. சுண்டுவிரலில் நாலு சொட்டு எண்ணெய், ஒரு துணித் துண்டு, டீ ஆறுவதற்குள் வேலை முடிந்தது. புதிய எண்ணெய் பழைய எண்ணெயோடு கலந்துகொள்கிறது, ஒட்டுப்போட்ட தடமே தெரிவதில்லை. இதற்கு ஆடிப்பெருக்கை நாளாக வைத்திருக்கிறேன். மழைக்கு முன் காய அவகாசம் கிடைக்கும், மறக்கவும் மறக்காது.

எண்ணெயிலும் தொல்லை உண்டு, மறைக்கவில்லை. பெயிண்ட் கடையில் லின்சீட் ஆயில் என்று கிடைக்கும் ஆளி விதை எண்ணெயில் சீக்கிரம் காய உலோக உப்புக்கள் சேர்த்திருப்பார்கள். பழம் நறுக்கும் கத்திக்கு அது எனக்கு ஒப்பவில்லை. செக்கில் ஆட்டிய ஆளி விதை எண்ணெய் வாங்கினேன். அது காயும் வேகம் இருக்கிறதே, கோயில் தேர் தோற்றுவிடும். சித்திரை வெயிலிலேயே ஒரு பூச்சுக்கு நாலைந்து நாள், புரட்டாசிப் புழுக்கத்தில் இரண்டு வாரம் ஆகியும் பிசுபிசுப்பு போகவில்லை. தடவிய கால் மணி நேரத்தில் மேலே நிற்கும் எண்ணெயை ஒட்டத் துடைக்காவிட்டால் அந்தப் பிசுக்கு எப்போதுமே போகாது. ஒரு கார்த்திகையில் மூடிய டிராயரில் வைத்துவிட்டு ஊருக்குப் போய் வந்தபோது பிடி முழுக்கச் சாம்பல் நிறப் பூஞ்சணம். வினிகர் தொட்ட துணியால் துடைத்து வெயிலில் வைத்ததும் போனது, ஆனால் பார்த்த கணத்தில் வயிற்றைக் கலக்கியது. முக்கியமான இன்னொன்று: எண்ணெய் துடைத்த துணியைச் சுருட்டி மூலையில் போடாதீர்கள். ஆளி விதை எண்ணெய் காற்றோடு சேர்ந்து காயும்போது சூடாகும். கசக்கிய துணிக்குள் அந்தச் சூடு சேர்ந்து தானாகவே தீப்பற்றிவிடும். கொடியில் விரித்துப் போடுங்கள்.

நல்லெண்ணெய், தேங்காயெண்ணெய் என்று வீட்டிலிருப்பதைத் தடவலாமே என்று கேட்பார்கள். தேங்காயெண்ணெய் காயவே காயாது, காறல் அடிக்கும், எறும்பு வரும். நல்லெண்ணெய் அரைகுறையாகக் காய்ந்து பிசினாகி நிற்கும். இரண்டும் தலைக்குத்தான். பிரெஞ்சு பாலிஷ் பெயருக்குப் பொருத்தம்தான். ஆனால் அது அரக்கை ஸ்பிரிட்டில் கரைத்தது, ஈரம் பட்டால் வெளுக்கும், சானிடைசர் பட்டால் இளகும். வெறும் தேன்மெழுகை மட்டும் ஒரு பிடிக்குப் போட்டு இரண்டே மாதம்தான் வைத்திருந்தேன். கைக்கு வெண்ணெய் மாதிரி இருந்தது, வெயிலில் வழுக்கியது. அதற்குமேல் அதைப் பற்றிப் பேச எனக்கு அனுபவம் போதாது.

பிடியையே மாற்றலாமா என்றும் யோசித்தேன். எங்கள் தெரு ஆசாரி கத்தியைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "இந்த மரத்தைப் போயா கடல் தாண்டி வாங்குனீங்க? வாய்க்கால் கரையில பூவரசு நிக்குது" என்றார். வண்டிச் சக்கரத்துக்குப் போன மரம், தண்ணீருக்கு அஞ்சாதது. துண்டு ஒன்று பரணில் காய்ந்துகொண்டிருக்கிறது. இன்னும் கடையவில்லை.

நிறத்தில் எண்ணெய்க்கு இன்னொரு வசதி. வெறும் மரமாக இருக்கும்போதே சாயம் ஏற்றிவிடலாம். கடுக்காயை ஊறவைத்த தண்ணீரைப் பிடிக்குத் தடவிக் காயவிட்டு, அதன்மேல் ஆணிகளை ஊறவைத்த வினிகரைத் தடவினேன். துவர்ப்பும் இரும்பும் சேர்ந்ததும் கண்ணெதிரே கறுத்தது, முதலில் சாம்பலாக, பிறகு மை மாதிரி. கலம்காரித் துணியில் கருப்பு விழுவதும் இதே சேர்க்கையால்தான். வார்னிஷ் மேல் இது எதுவும் ஒட்டாது.

அலகில் நடப்பதும் அதுவேதான். எங்களுடையது இரண்டும் கார்பன் எஃகு. கடைசியாக ஒரு முழு வாழைப்பூவை ஆய்ந்து நறுக்கினேன், ஒரு மடல் உரிக்க ஒரு மடல். பாதிப் பூவிலேயே வெள்ளிபோல் இருந்த அலகு கழுத்துப் பக்கம் ஊதாவும் நுனியில் நீலமுமாக மாறியது. கழுவித் துடைத்தபின் மயில் கழுத்து நிறத்தில் அலையலையாக நின்றது. அந்தப் படலம் இருக்கும்வரை செந்துரு ஏறுவது குறைகிறது. பூ கறுத்துப்போய் கூட்டு என்ன நிறத்தில் வந்தது என்பதை வீட்டில் கேட்காதீர்கள்.

மைத்துனன் வார்னிஷைச் சுரண்டச் சம்மதித்துவிட்டான். கருப்புதான் வேண்டுமாம். இதற்கிடையே சென்னையில் இருக்கும் தங்கை தனக்கும் ஒன்று கேட்டாள். அவளுக்கு ஸ்டெயின்லெஸ் அலகில் வாங்கி அனுப்பினேன். ஏ.சி. போட்ட அடுக்குமாடி வீடு, எலுமிச்சம்பழமும் பார்சல் கவரும் தவிர அது எதையும் வெட்டப்போவதில்லை. வருடம் ஒருமுறை எண்ணெய் போடு என்று சொன்னால் சிரிப்பாள். காடிக்குள் மட்டும் மெழுகு நாலு சொட்டு விட்டேன். அதன் வார்னிஷை நான் தொடவில்லை.