அப்பர் யூனிட் வைத்திருப்பவர்கள் உஷார்: சாம்பிளைக் குறைத்து ‘பாஸ்’ போட்டார்கள், எனக்கு 1,86,000 ரூபாய் போச்சு

சூடு ஆறுவதற்குள் எழுதிவிடுகிறேன். ராணிப்பேட்டை ஷூ கம்பெனியிலிருந்து டெபிட் நோட், அதாவது என் பணத்தில் பிடித்தம் போட்ட சீட்டு, இன்று காலைதான் வந்தது. பேரணாம்பட்டில் நாலு மெஷின் போட்டு ஷூ அப்பர், அதாவது ஷூவின் மேல்பாகம், தைத்துக் கொடுக்கிறவனுக்கு 1,86,000 ரூபாய் என்றால் என்னவென்று ஆம்பூர், வாணியம்பாடி, மேல்விஷாரம் பக்கம் இதே தொழிலில் இருப்பவர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

என்னை மாட்டிவிட்டது, ஃபோனில் புக் செய்தால் சரக்கைச் சோதிக்க ஆள் அனுப்பும் ஒரு ஆன்லைன் இன்ஸ்பெக்ஷன் சேவை. பெயர் போடவில்லை. வெளியாள் ரிப்போர்ட் இருந்தால்தான் கேட் உள்ளே விடுவோம் என்று கம்பெனி சொன்னதால் இவர்களைப் பிடித்தேன். காசு என்னுடையது.

முதல் நாலு லாட், அதாவது ஒரே தடவையில் சோதனைக்குப் போகும் சரக்கு, ஒழுங்காகத்தான் போனது. ஒவ்வொன்றும் 2,000 ஜோடி. அந்த அளவு லாட்டுக்கு வழக்கமான சோதனையில் 125 ஜோடி எடுக்க வேண்டும். ஏ.க்யூ.எல். என்பது எவ்வளவு குறை வரை பொறுத்துக்கொள்வது என்ற அளவு, எண் குறையக் குறையக் கண்டிப்பு கூடும். அது 2.5 என்றால் 7 குறை வரை பாஸ், 8 வந்தால் மொத்த லாட்டும் ரிஜெக்ட். இது சாம்பிள் சோதனைக்கான சர்வதேச விதி ஐ.எஸ்.ஓ. 2859 டேபிளிலேயே இருக்கிறது, யார் வேண்டுமானாலும் பார்த்துக்கொள்ளலாம்.

ஐந்தாவது லாட்டுக்கு முன்னால் அவர்களுடைய கோஆர்டினேட்டர் ஃபோன் செய்தான். “அண்ணா, உங்க லாட் எல்லாமே பாஸ். சிஸ்டமே உங்கள ரெட்யூஸ்டுக்கு மாத்திடுச்சு. இனிமே 125 வேணாம், 50 போதும். பாதி நாள்ல முடிஞ்சிடும், வண்டிய அன்னிக்கே ஏத்திடலாம்.” ஆப்பைத் திறந்தால் என் பெயருக்குப் பக்கத்தில் பச்சை டிக், ‘நம்பகமான சப்ளையர்’ என்று. யாருக்குத்தான் சந்தோஷமாக இருக்காது? சாம்பிள்தான் குறைந்ததே தவிர ஃபீஸ் ஒரு பைசா குறையவில்லை.

இந்த முறை தோல் வேறு டேனரியிலிருந்து (தோல் பதனிடும் ஆலை) வருகிறது என்று அதே கோஆர்டினேட்டருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பியிருந்தேன். இரண்டு நீல டிக்கும் விழுந்தது. பதில் ஒரு கட்டைவிரல் படம்.

வந்த பையன் 50 ஜோடி எடுத்தான். 4 குறை எழுதினான். பாஸ். ரிப்போர்ட் பி.டி.எஃப். அன்று சாயந்திரமே கம்பெனிக்குப் போய்விட்டது, வண்டியும் போய்விட்டது.

கம்பெனியில் க்யூ.சி., அதாவது தரம் பார்க்கிற அம்மா ஒரு அப்பரை எடுத்து, முன்பக்கத் தோலை மடித்துக் கட்டைவிரலால் அழுத்திக் காட்டினார். மேல்பூச்சு வெடித்து மயிரிழை போல வெள்ளைக் கோடு. அடுத்த கட்டில் ஒன்று, அதற்கடுத்ததில் இன்னொன்று. மொத்தத்தையும் பிரித்துப் பொறுக்கியதில் 170 ஜோடி தேறவில்லை. ஜோடி 600 என்று அதுவே 1,02,000. பொறுக்கிய கூலி என்று 36,000 பிடித்தம். தாமதத்துக்கு 30,000. வண்டி, திரும்பத் தைத்த கூலி எல்லாம் சேர்த்து 18,000. ஆக 1,86,000.

அந்த அம்மா கேட்ட கேள்விதான் இன்னும் காதில் நிற்கிறது. “50-ன்னு யாரு முடிவு பண்ணாங்க? எங்ககிட்ட யாரும் கேக்கலையே?” அப்புறம் அவர்தான் உட்கார்ந்து விதியைச் சொல்லிக்கொடுத்தார். பழைய ரிசல்ட்டைப் பார்த்துச் சாம்பிளைக் கூட்டுவதும் குறைப்பதும் முறையான விஷயம்தான், ஆனால் கணக்கு இருக்கிறது. ஏ.க்யூ.எல்.-லை ஒரு படி இறுக்கி, அதாவது 1.5-க்கு மாற்றிப் பார்த்தாலும் அந்த லாட் தேறியிருக்குமானால் 3 மார்க். தேறாவிட்டால் மார்க் முழுக்கப் பூஜ்யத்துக்குப் போய்விடும். மொத்தம் 30 சேர வேண்டும், அதாவது வரிசையாகக் குறைந்தது 10 லாட். தயாரிப்பு சீராக ஓட வேண்டும், முடிவெடுக்கும் பொறுப்பில் இருப்பவர் சம்மதிக்கவும் வேண்டும்.

என் பழைய ரிப்போர்ட்டுகளை எடுத்துப் பார்த்தேன். மூன்றாவது லாட்டில் 6 குறை. 2.5-ல் பாஸ்தான், ஆனால் 1.5-க்கு 5 வரைதான் அனுமதி. அங்கேயே பூஜ்யம். நாலாவது லாட்டுக்கு 3. ஆக என் மார்க் 30-க்கு வெறும் 3. இதற்குத்தான் பச்சை டிக்! தோல் மாறியது தெரிந்தும் குறைத்தது வேறு. அதைவிட வயிற்றெரிச்சல் அந்தக் கடைசி ரிப்போர்ட். 50-க்கு 4 என்றால் நூற்றுக்கு 8. அதே விகிதத்தில் 125 எடுத்திருந்தால் 10 வரும், லாட் என் ஷெட்டிலேயே நின்றிருக்கும். பொறுக்கி எடுத்துவிட்டு அனுப்பியிருப்பேன்.

கோஆர்டினேட்டருக்கு ஃபோன் செய்தால் ‘மீட்டிங்’. மறுபடி செய்தால் மறுபடி மீட்டிங். ஆப்பில் புகார் போட்டேன், ‘தீர்க்கப்பட்டது’ என்று தானாகவே மூடிக்கொண்டது. ஒருவழியாகப் பேசினான். நேற்று வரை அண்ணாவாக இருந்தவன் சாராகிவிட்டேன். “சார், சாம்ப்ளிங்னாலே ரிஸ்க் இருக்கும் சார். ரிப்போர்ட் கடைசி பக்கத்துல எங்க பொறுப்பு ஃபீஸ் தொகை வரைக்கும்தான்னு போட்டிருக்கு பாருங்க.” ரிஸ்க் இருக்கும்தான், யார் இல்லை என்றது? 30-க்கு 3 மார்க் வாங்கியவனை எப்படி மாற்றினாய் என்று கேட்டேன். “அது சிஸ்டம் சார்.” மேலாளர் பேசுவார் என்றான். மேலாளர் பேசவில்லை, அடுத்த புக்கிங்குக்கு 20 சதவீதத் தள்ளுபடிக் கூப்பன் வந்தது. 1,86,000-க்குப் பதில் கூப்பன்!

இதற்கு மேல் ஒரு கூத்து. இந்த ஒரு லாட் ரிஜெக்ட் ஆனதால் என்னை இப்போது ‘டைட்டண்ட்’, அதாவது இன்னும் கண்டிப்பான சோதனையில் போட்டிருக்கிறார்களாம், அதற்குக் கூடுதல் கட்டணமாம். ரெட்யூஸ்டில் ஒன்று ரிஜெக்ட் ஆனால் நார்மலுக்குத்தான் திரும்ப வேண்டும். தொடர்ந்து வரும் ஐந்து லாட்டுக்குள் இரண்டு ரிஜெக்ட் ஆனால்தான் டைட்டண்ட். குறைக்கும்போது இல்லாத அவசரம் கட்டணத்தைக் கூட்டும்போது எங்கிருந்து வருகிறதோ.

என்னென்ன பார்க்க வேண்டும் என்று விரிவாக எழுதத்தான் உட்கார்ந்தேன், இப்போது பொறுமை இல்லை. சாம்பிளைக் குறைக்கிறோம் என்றால் மார்க் கணக்கை எழுத்தில் கேளுங்கள். சரக்கு வாங்குகிற கம்பெனியின் சம்மதம் மெயிலில் இருக்கட்டும். தோல், டேனரி, தைக்கிற இடம் எது மாறினாலும் பழைய எண்ணிக்கைக்கே போகச் சொல்லுங்கள். ‘பாஸ்’ என்ற வார்த்தையை விட்டுவிட்டு எத்தனைக்கு எத்தனை குறை என்று பாருங்கள். கடைசிப் பக்கத்தை முதலில் படியுங்கள்.

வக்கீலைப் பார்க்கக் குடியாத்தம் கிளம்புகிறேன். இதே சேவையில் யாருக்காவது இப்படி 50 போட்டிருந்தால், பழைய ரிப்போர்ட்டுகளை ஆப்பிலிருந்து இப்போதே இறக்கி வைத்துக்கொள்ளுங்கள். என்னுடைய மூன்றாவது லாட் ரிப்போர்ட் மத்தியானத்திலிருந்து திறக்கவில்லை. நல்லவேளை, காலையிலேயே பிரிண்ட் எடுத்துவிட்டேன்.