பூட்டிய வளவா, புதுக் காலனியா, மாடிப் போர்ஷனா?

காரைக்குடியில் வாடகைக்கு வீடு தேடி அலைந்தவர்களுக்கு இந்த வேடிக்கை தெரியும். செக்காலைப் பக்கம் இரண்டு அறைப் போர்ஷன் ஒன்று காலியானால் நாலு குடும்பம் வந்து நிற்கும். பஸ் ஏறிப் பள்ளத்தூருக்கோ கானாடுகாத்தானுக்கோ போனால், முன்தெருவில் முகப்பும் பின்தெருவில் கொல்லை வாசலுமாக நீண்டு கிடக்கும் செட்டிநாட்டு வளவு வீடுகளில் பூட்டு மட்டும் குடியிருக்கிறது.

வாடகையைக் கட்டுக்குள் கொண்டுவர மாநகராட்சியும் ஊராட்சியும் என்ன செய்யலாம் என்று பேச்சு வந்தால் இங்கே மூன்று யோசனைகள் அடிபடுகின்றன. பூட்டிய வீட்டைத் திறக்க வை, புதிதாக வீடு கட்டிக் கொடு, இருக்கிற வீட்டின் மேல் மாடி எழுப்ப விடு. மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம்.

முதல் யோசனைக்குக் கனடாவின் வான்கூவர் நகரத்தை உதாரணம் காட்டுவார்கள். வருஷத்தில் 6 மாதமாவது ஆள் குடியிருக்காத வீட்டுக்கு அந்த நகரம் 2017 முதல் தனி வரி போடுகிறது. சொத்து மதிப்பில் 1 சதவீதம் என்று ஆரம்பித்து, பிறகு 3 சதவீதம் வரை ஏற்றியது. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் அங்கே பூட்டிய வீட்டுக்குப் பெரும்பாலும் ஒருவரோ இருவரோதான் சொந்தக்காரர். இங்கே? வளவு என்கிற நடு முற்றத்தைச் சுற்றி, கல்யாணமான ஒவ்வொரு மகனுக்கும் என்று அறைகள். மூன்று தலைமுறையில் அந்த அறைகளின் பங்கு சென்னை, சிங்கப்பூர், கோலாலம்பூர் என்று சிதறிவிட்டது. வரி நோட்டீஸை எந்தப் பங்காளி பெயருக்கு அனுப்புவது? ஒருவர் கட்டினால் மற்றவர் தன் பங்கைத் தருவாரா?

தவிர, அந்த வீடுகள் முழுக்கக் காலியும் இல்லை. கல்யாணம், அறுபதாம் கல்யாணமான சாந்தி, முன்னோருக்குப் படையல் போடும் படைப்பு என்று வருஷத்துக்குச் சில நாள் விளக்கு எரியும். அந்த நாட்களுக்காகவேதான் வீட்டை விற்காமல் வைத்திருக்கிறார்கள். வரியை ஏற்றினால் வாடகைக்கு விடுவார்கள் என்பது ஒரு கணக்கு. வீட்டைப் பிரித்து விற்றுவிடுவார்கள் என்பது என் பயம். முனீஸ்வரன் கோவில் தெருப் பழம்பொருள் கடைகளில் தேக்குத் தூணையும் நிலைக்கதவையும் பார்க்கும்போதெல்லாம், இது எந்த வளவில் நின்றதோ என்று தோன்றும். வரி போட்டால் கடைக்காரருக்குத்தான் யோகம்.

வரிக்குப் பதில் குத்தகை என்றால் யோசிக்கலாம். முகப்பும் வளவும் பங்காளிகளிடமே இருக்கட்டும். பின்கட்டை மட்டும் உள்ளாட்சி பத்து வருஷத்துக்குக் குத்தகைக்கு எடுத்து, ஓடு மாற்றி, கழிப்பறை கட்டி, தனி மீட்டர் வைத்து, கொல்லை வாசல் வழியாகக் குடி வைக்கலாம். சொந்தக்காரருக்கு மராமத்துச் செலவு மிச்சம். ஆனால் சுண்ணாம்புச் சுவரைப் பழுது பார்க்கத் தெரிந்த கொத்தனார்கள் குறைந்துவிட்டார்கள், பங்காளிகள் எல்லாரிடமும் கையெழுத்து வாங்குவதற்குள் ஒரு கவுன்சிலரின் பதவிக்காலமே முடிந்துவிடும். நூற்றுக்கணக்கில் வீடு கிடைக்கும் என்று நம்ப வேண்டாம்.

இரண்டாவது யோசனை, புது வீடு. கிராம ஊராட்சிகளில் கலைஞர் கனவு இல்லம் திட்டத்தில் 360 சதுர அடி வீட்டுக்கு 3.5 லட்சம் ரூபாய் தருகிறார்கள். குடிசையில் இருக்கும் குடும்பத்துக்கு இதைவிடப் பெரிய உதவி கிடையாது, அதில் எனக்கு மாற்றுக்கருத்து இல்லை. ஆனால் சொந்த மனை வேண்டும். மனை இல்லாமல் வாடகைக்கு இருப்பவருக்கு இதில் ஒன்றும் இல்லை. 2024இல் காரைக்குடி மாநகராட்சி ஆனபோது கோட்டையூர், கண்டனூர் பேரூராட்சிகளோடு சங்கராபுரம், அரியக்குடி போன்ற ஊராட்சிகளும் சேர்ந்துகொண்டன. ஊராட்சிக்கான திட்டங்கள் அங்கே இனி இல்லை, நகரத் திட்டங்களின் வரிசையில் நிற்க வேண்டும்.

சரி, மனையையும் சேர்த்துக் கொடுத்துக் காலனியே கட்டலாமே? பர்மாவிலிருந்து திரும்பியவர்கள் குடியேறிய பர்மா காலனி இன்று ஊரோடு ஊராகக் கலந்துவிட்டது. இப்போது அப்படி ஊரை ஒட்டி இடம் எங்கே இருக்கிறது? மலிவாகக் கிடைப்பதெல்லாம் கண்மாய் வரத்துப் பக்கம்தான். மழைத்தண்ணீரைத் தெருத்தெருவாக ஊருணிக்குக் கொண்டுபோன ஊரில், வரத்தை மறித்து வீடு கட்டிவிட்டு அப்புறம் லாரித் தண்ணீருக்குக் காத்திருப்பது என்ன கணக்கோ! வாடகையில் மிச்சம் பிடித்ததைப் பஸ்ஸும் தண்ணீரும் தின்றுவிடும்.

மூன்றாவது, மாடி. பார்க்கச் சின்ன விஷயம், என் ஓட்டு இதற்குத்தான். 2024 ஜூலை முதல் தமிழ்நாட்டில் 2,500 சதுர அடிக்குள் உள்ள மனையில் 3,500 சதுர அடி வரை, தரைத்தளமும் முதல் தளமுமாக வீடு கட்டச் சுயசான்று முறையில் ஆன்லைனிலேயே அனுமதி வாங்கலாம். மனைக்குத் தனியாகக் காசு போட வேண்டியதில்லை, தெருவும் தண்ணீரும் பஸ்ஸும் ஏற்கெனவே இருக்கின்றன. பிள்ளைகள் வெளியூர் போய்த் தனியாக இருக்கும் வயதான தம்பதிக்கு மாடியில் ஒரு குடும்பம் வந்தால் துணையும் ஆயிற்று.

இதிலும் ஓட்டை உண்டு. அழகப்பா பல்கலைக்கழக மாணவர்கள் நாலு பேர் சேர்ந்து கொடுக்கும் வாடகையைக் கொத்தனார் குடும்பம் கொடுக்க முடியாது. சும்மா அனுமதி கொடுத்தால் மாடியெல்லாம் மேன்ஷன் ஆகிவிடும். உள்ளாட்சியின் கையில் இருக்கும் பிடி சொத்து வரி. மாடி எழுப்பினால் கூடும் வரியை ஐந்து வருஷம் தள்ளி வைக்கலாம், பதிலுக்கு ஒரு குடும்பத்துக்கு, ஒப்புக்கொண்ட வாடகைக்கு, எழுத்து ஒப்பந்தத்தோடு விட வேண்டும் என்று கேட்கலாம். 2019இல் நடைமுறைக்கு வந்த வாடகைச் சட்டம் எப்படியும் ஒப்பந்தத்தை எழுதிப் பதியத்தான் சொல்கிறது. அதைப் பதிந்து கொடுக்க மாநகராட்சியில் ஒரு மேஜை போட்டால், குடி வந்தவர் காலி செய்ய மாட்டாரோ என்ற பயமும் பாதி குறையும்.

ஆகவே காசு குறைவு என்றால் முதலில் மாடி. குடிசைக்குப் புது வீடு. பின்கட்டுக் குத்தகையை ஒரே ஒரு ஊரில், சம்மதிக்கிற நாலைந்து வீட்டில் செய்து பார்க்கட்டும்.

பள்ளத்தூரில் ஒரு ஆச்சியிடம் இந்தக் குத்தகை யோசனையைச் சொன்னேன். வாடகை எவ்வளவு வரும் என்று அவர் கேட்கவே இல்லை. "குடி வர்றவங்க படைப்பு அன்னைக்குக் கொல்லை வாசலைத் திறந்து விடுவாங்களா தம்பி?" என்றார். ஒப்பந்தத்தில் அதற்கு ஒரு வரி சேர்க்க வேண்டும்.