எச்டி வீடியோவை டிவிடியில் எழுத: ஏவிசிஎச்டியா, சாதாரண டிவிடி வீடியோவா?

காலி டிவிடி தட்டின் உறையில் 4.7 ஜிபி என்று போட்டிருந்தாலும் விண்டோஸ் கணக்கில் அது 4.37 தான். இரண்டு முறைக்கும் இதே இடம்தான்.

டிவிடி வீடியோ என்றால் எம்பெக்-2 என்ற பழைய வீடியோ சுருக்க முறை. படம் 720×576 அல்லது 720×480 ஆகச் சுருங்கிவிடும். நொடிக்கு 8 மெகாபிட் வைத்தால் ஒரு மணி நேரத்துக்கு மேல் பிடிக்கும், பழைய பிளேயரிலும் ஓடும். இன்டர்லேஸ் காட்சியில் (ஒவ்வொரு படமும் ஒற்றை வரிகள், இரட்டை வரிகள் என இரண்டு ஃபீல்டுகளாகப் பிரிந்திருப்பது) ஃபீல்டு வரிசையை மாற்றிப் போட்டால் மட்டும் அசைவெல்லாம் முன்னும் பின்னும் உதறும்.

ஏவிசிஎச்டி என்பது எச்டி கேமராக்களின் வீடியோ வடிவம். அதில் இன்னும் திறமையாகச் சுருக்கும் எச்.264 முறை என்பதால் 1920×1080 அப்படியே நிற்கும். ஆனால் டிவிடி தட்டில் உச்சவரம்பு நொடிக்கு 18 மெகாபிட். கேமராவின் 24 மெகாபிட் கோப்பை அப்படியே எழுதினால் தட்டிலிருந்து படிக்கும் வேகம் ஈடுகொடுக்காமல் படம் திக்கித் திக்கி ஓடும். 16-17 மெகாபிட்டுக்கு மறுகுறியாக்கம் (மறுபடி சுருக்கி மாற்றுவது) செய்யுங்கள். சுமார் 35 நிமிடம் கொள்ளும். வீடியோ அடங்கிய பிடிஎம்வி (BDMV) கோப்புறை தட்டின் முதல் மட்டத்திலேயே இருக்கட்டும். தட்டு எழுதும் மென்பொருளான இம்க்பர்னில் (ImgBurn) கோப்பு முறையை, அதாவது தட்டில் கோப்புகளை அடுக்கும் விதத்தை, யுடிஎஃப் 2.50 என மாற்றுங்கள். இதை மறந்தால் நல்ல ப்ளூ-ரே பிளேயரும் தட்டைத் தெரியாததுபோல் துப்பிவிடும். சாதாரண டிவிடி பிளேயரில் எப்படி எழுதினாலும் இது ஓடாது.

யாரிடம் எந்த பிளேயர் என்று தெரியாமல் பலருக்குக் கொடுப்பதானால் டிவிடி வீடியோதான். ஏவிசிஎச்டி ஆதரவுள்ள ப்ளூ-ரே பிளேயர் என்று உறுதியானால் படத்தின் அளவைச் சுருக்கிக் கெடுக்க வேண்டியதில்லை.